தன்னிச்சையான பேச்சு: இருநூறு மாதிரி விடைகள்

சாப்பாட்டு மேஜை மேல் ஐந்து தம்ளர் தண்ணீர் வரிசையாக நின்றது. ஒன்றிலும் பாப்பா வாய் வைக்கவில்லை. ஆனாலும் ஆறாவது முறையாகத் தெளிவாகச் சொன்னாள்.

"வினா ஒன்று. உனக்கு என்ன வேண்டும்? எனக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டு மதிப்பெண்."

அப்பா முகமெல்லாம் பெருமையாக ஆறாவது தம்ளரை எடுத்தார். அம்மா அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவளுக்குத் தாகமே இல்லைங்க. ஜன்னலத் திறக்கச் சொல்றா. அதையே பார்த்துட்டு நிக்கிறா, பாருங்க."

"ஜன்னல் மூணாவது பாடத்துல வருது," என்றார் அப்பா.

அவர் பரீட்சைக்குக் கைடு எழுதுகிறவர். பத்தொன்பது வருடமாக எந்தப் பாடம் கையில் கிடைத்தாலும் ஐம்பது வினா விடையாக நறுக்கிப் போட்டுவிடுவார். பாடத்தைப் படிக்காமலேயே சில கைடுகளை எழுதியிருக்கிறார். பாடத்தைப் படிக்காமலேயே பிள்ளைகள் அவற்றால் பாஸும் ஆகியிருக்கிறார்கள். தெருவில் அவருக்குக் 'கைடு சார்' என்று பெயர். அதை மரியாதை என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. எங்கேயோ கேட்ட வாக்கியத்தை முழுசாக அப்படியே சொல்வாள். விருந்தாளிகள் கிளம்பினால் தேவலை என்று தோன்றும்போது, லிஃப்டில் கேட்டதுபோல "கதவுகள் மூடுகின்றன, விலகி நிற்கவும்" என்பாள். பேச்சுப் பயிற்சி நிலையத்தின் தெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் பாப்பா சொல்ல வருவது ஒன்று இருக்கிறது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்ப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நீளமான வரிகள் மெல்ல உடையும், துண்டுகள் புதிதாகச் சேரும், சொந்தப் பேச்சு வரும்.

எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கைடு சார் கேட்டார். அதற்குக் கணக்கில்லை என்றாள். இந்தப் பெண்ணுக்குப் பாடத்திட்டம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று மாடிப்படி இறங்குவதற்குள் அவர் முடிவுகட்டிவிட்டார். பத்தே நாளில் பாப்பாவுக்கென்று ஒரு கைடு தயாரானது. தன்னிச்சையான பேச்சை எப்படி மனப்பாடம் செய்வது என்று அம்மா கேட்டாள். மனப்பாடம் ஆனால்தானே தன்னிச்சையாக வரும் என்றார்.

தண்ணீர்ச் சங்கதிக்குப் பிறகு வினா எண்களையும் மதிப்பெண்களையும் நீக்கினார். பாப்பா இப்போது யார் என்ன கேட்டாலும் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றாள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்ட மின்சார மீட்டர்காரர், குழந்தையைத் தாகத்தோடு விட்டிருக்கிறார்களே என்று பதறித் தன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு கேள்விக்கு ஒரே விடை இருப்பதுதான் கோளாறு என்று அப்பா கண்டுபிடித்தார். மூன்று மூன்று விடைகள் எழுதினார். அன்று மாலை பாப்பா, "தண்ணீர் வேண்டும் அல்லது பால் வேண்டும் அல்லது ஒன்றும் வேண்டாம்" என்றாள். அம்மா இரண்டு கையிலும் தம்ளரோடு நின்றாள்.

அதற்கும் மருந்து இருந்தது. பத்தாம் பாடம், 'எதிர்பாராத கூற்றுகள்'. தினமும் நாலரை முதல் ஐந்து மணிவரை எதிர்பாராமல் பேச வேண்டும். பாப்பா முகம் சுளிக்காமல் உட்கார்ந்தாள். கண்ணாடி போடாமல் அவர் திணறும் இடத்தில் அவளே வரியை முடித்துக் கொடுத்தாள். அதை முன்னேற்றம் என்று தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். சமையலறையில் அவள் சொந்தமாக ஏதோ சொன்னதாக அம்மா ஒருநாள் சொன்னபோது, எந்தப் பாடம் என்று கேட்டார். எதிலும் இல்லை என்றதும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஒருநாள் கண்ணாடிக் குழாய் உடைந்து, கையில் கட்டோடு வந்தாள். பாப்பா கட்டையே பார்த்தாள். விரல் நீட்டி அதன் ஓரத்தைத் தொட்டாள். வாய் திறந்தாள். அதற்குள் அப்பா அவசரமாகப் பக்கங்களைப் புரட்டி, பொருத்தமானது கிடைக்காமல், கண்ணில் பட்ட வரியைக் காட்டினார்.

"ஆஹா, என்ன அழகான வானம்," என்றாள் பாப்பா.

அம்மா சொன்னாள்: "அவ என்னமோ சொல்ல வந்தா. நீங்க பக்கத்தப் புரட்டிட்டீங்க."

அப்பா ஓரத்தில் 'காயம் - சேர்க்க' என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாவது மாத முடிவில் நிலையத்தில் மதிப்பீடு. மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாடும் குழுவில் பாப்பாவைச் சேர்க்கலாமா என்று அன்றுதான் முடிவு செய்வார்கள். வாராவாரம் அழைத்துப் போன அம்மாவுக்கு அன்று வேலை இருந்ததால் அப்பா கிளம்பினார். பைண்டு செய்த கைடும் கூடவே வந்தது. நிலையமே அச்சடித்துக்கொள்ள அனுமதி தருவதாக இருந்தார்.

தெரபிஸ்ட் தரையில் உட்கார்ந்து, அடுக்கி விளையாடும் மரக்கட்டைகளைக் கொட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் போனது. கைடு சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கண்ணு, பாடம் ரெண்டு," என்றார்.

பாப்பா பாடம் இரண்டை ஒப்பித்தாள். அடுத்து பாடம் நான்கு என்றார். அதையும் ஒப்பித்தாள். தெரபிஸ்ட் எழுந்து கதவைத் திறந்து, கொஞ்சம் வெளியே இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டாள்.

நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாம் போயிற்று, குழுவில் இடம் கிடைக்காது, குழந்தையை நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. அப்போது உள்ளே பாப்பாவின் குரல் கேட்டது.

"இது ஆடுது. விழப்போகுது. நீ புடி."

அவசரமாகக் கைடைப் புரட்டினார். எந்தப் பாடத்திலும் இல்லை.

தரை துடைத்துக்கொண்டு வந்த அம்மாள் அவரைக் காலைத் தூக்கச் சொன்னாள். "நீங்க பாப்பாவோட அப்பாவா? வாய் ஓயாதே சார் அதுக்கு. இங்க ஈரம், அங்க ஈரம் இல்ல, உன் கை சில்லுனு இருக்குன்னு ஏதாவது சொல்லிட்டே பின்னாடி வரும்."

"எப்போலேருந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்புறம் ஏம்மா வீட்டுல என்கிட்ட மட்டும் புத்தகத்தையே ஒப்பிக்குது?"

அம்மாள் தரை துடைக்கும் துணியைப் பிழிந்தாள்.

"வீட்டுல என்ன செய்வேன்னு நானும் கேட்டேன் சார். 'அப்பாவுக்குப் பேச வராது. எழுதி வச்சுத்தான் சொல்வாரு. நான் சொல்லித் தர்றேன்'னுச்சு."