முட்டையில் இல்லாதவர்கள்

வெயில் எட்டாத கடலடியில், பாறை பிளந்து கொதிநீர் சீறும் ஓரிடத்தில் கொதிவாய் நாடு இருந்தது. குடிகள் அனைவரும் புழுக்கள். ஆளுயர வெள்ளைக் குழலுக்குள் உடம்பை வைத்து, சிவந்த கொண்டையை மட்டும் வெளியே நீட்டி வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லாத நாடு அது.

அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் நுண்ணியர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிற்றுயிர்கள் ஒவ்வொருவர் வயிற்றிலும் கோடிக்கணக்கில் குடியிருந்து, கொண்டை பிடித்துத் தரும் கந்தகத்தைக் கொண்டு உணவாக்கினார்கள். யாரும் நுண்ணியரோடு பிறப்பதில்லை. குஞ்சு நீந்தி வந்து பாறையில் ஒட்டியதும், நீரில் திரியும் நுண்ணியர் சிலர் அதன் தோல் வழியே உள்ளே போவார்கள். பிறகுதான் அது வளரும்.

ஊற்று ஆறி, அதில் வரும் கந்தகம் குறையத் தொடங்கியது. நாட்டில் பசி வந்தது. மன்னர் நெடுங்குழலார் குலக்காவல் அமைச்சர் தூயமணியை அழைத்துக் காரணம் கேட்டார். ஊற்று ஆறுவதை மன்னரிடம் சொல்லும் வழக்கம் அந்த அரண்மனையில் இல்லை.

"மன்னா, ஆயிரம் முட்டைகளைப் பிளந்து ஆராய்ந்தோம். ஒன்றில்கூட நுண்ணியர் இல்லை. ஆகவே அவர்கள் நம் இரத்தம் அல்லர். அந்நியர் கோடிக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து தின்றால் குடிகளுக்கு என்ன மிஞ்சும்?"

"பிளந்த முட்டைகள் என்னவாயின?"

"நாட்டுக்காக உயிர் நீத்தன. நினைவுத்தூண் எழுப்பலாம்."

மறுநாளே ஆணை பிறந்தது. தம் பாட்டன் முட்டைக்குள் இருந்ததற்குச் சான்று காட்டாத நுண்ணியர் வெளியேற வேண்டும். புதிதாக ஒட்டும் குஞ்சுகளின் தோலில் அரக்கு முத்திரை வைத்து அடைக்க வேண்டும்.

தென்கோடிக் குழலில் இருந்த செம்பையின் வயிற்றிலிருந்து நுண்ணியர் கிளம்பினார்கள். கடைசியாகப் போனவன் தயங்கி நின்றான்.

"எங்களுக்கு வெளியிலயும் பொழப்பு உண்டும்மா. நீ என்ன பண்ணுவ?"

அவள் கவலையெல்லாம் பக்கத்துப் பாறையில் நேற்று ஒட்டிய மகள் துளிரியைப் பற்றித்தான். முத்திரை வைக்க அமைச்சரே, நண்டுகள் குழலோடு தூக்கிவர, வந்திருந்தார்.

"ஐயா, ஒரே ஒருத்தன உள்ள விடுங்க. ஒருத்தன் போனாப் போதும், பெருகிப் பெருகி எம் பொண்ணு பொழச்சுக்கும்."

"பெருகுவார்கள் என்பதுதானே அம்மா எங்கள் குற்றச்சாட்டு?"

"அப்போ அது எதத் திங்கும்?"

"கலப்பில்லாத முதல் தலைமுறை என்ற பெருமை அதற்குக் கிடைக்கிறதே!" என்று சொல்லி, அரக்கு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

துளிரி எட்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் பாறையிலிருந்து கழன்று, நீரோட்டம் போன பக்கம் போயிற்று. செம்பையால் குழலை விட்டு நகர முடியாது. கண்மறையும்வரை கொண்டையை அந்தப் பக்கமே சாய்த்துக்கொண்டிருந்தாள்.

குழல்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. ஆணையை மக்கள் ஏற்கிறார்களா என்று அறிய அரசு வாக்கெடுப்பு நடத்தியது. ஏற்பவர்கள் கொண்டையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், எதிர்ப்பவர்கள் நீட்டியபடி இருக்கலாம். குடிகள் அச்சமின்றி வாக்களிக்க, நண்டுப்படை குழல்தோறும் சுற்றிவரும்.

இடுக்கிகளின் சத்தம் கேட்டதும் கொண்டைகள் மளமளவென்று உள்ளே போயின. செம்பையின் கொண்டை மட்டும் வெளியே நின்றது.

"உள்ள இழுத்துக்கடி, வெட்டிப்புடுவானுங்க!" என்று பதறினாள் பக்கத்துக் குழல் வடிவு.

"இழுத்து? உள்ள யாரு இருக்கா இனி, அக்கா?"

நண்டு வந்தது. அவள் அசையவில்லை.

பிறகு எண்ணிக்கை நடந்தது. எண்ணிய நண்டு வீரன் அமைச்சரிடம் தயங்கிச் சொன்னான்: "ஐயா, பாதிக் குழல்ல ஆளே இல்லைங்க."

"கொண்டை வெளியே தெரிகிறதா?"

"இல்லைங்க."

"அப்படியானால் ஏற்றுக்கொண்டவர்கள். எழுது."

"தென்கோடியில ஒருத்தி நீட்டிக்கிட்டு நின்னாளுங்க."

"அந்தக் கொண்டை இப்போது நிற்கிறதா?"

அவன் திரும்பிப் பார்த்தான். அங்கே நீர் மட்டும் சிவந்திருந்தது.

ஆணை ஒருமனதாக நிறைவேறியது.