குறைச்சுச் சொல்லுங்க பாய்!

சொன்னது ஒன்றுகூடப் பலிக்காமல் இவ்வளவு பேரும் புகழும் சம்பாதித்த மனிதர் திருச்சியில் ஒருத்தர்தான் உண்டு. திருச்சி என்ன திருச்சி, இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான் இருப்பார். அவர்தான் எங்கள் பர்சென்ட் பாய்.

தில்லை நகரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோது, பாய் லோன் செக்‌ஷனில் எனக்கு எதிர் சீட். கடன் கேட்டு வருகிறவர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரா என்று கணிப்பது அவர் வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியூரில் பெரிய காலேஜில் எம்.பி.ஏ. சேரணும் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், பாய் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல் மற்ற விரல்கள்மேல் ஓடும். உதடு முணுமுணுக்கும். பிறகு கண்ணைத் திறந்து, ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கிற டாக்டர் குரலில், "எழுபத்தி மூணு" என்பார். சீட் கிடைக்க அவ்வளவு சான்ஸாம்.

எழுபது என்றோ எழுபத்தைந்து என்றோ மொத்தமாக ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "ரவுண்டா சொன்னா அது ஜோசியம்ங்க. இது கணக்கு" என்பார்.

அந்தக் கணக்கில் மார்க் உண்டு, வேலை அனுபவம் உண்டு. அதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். பாய் ஆளையும் பார்ப்பார். சாஸ்திரி ரோட்டை எப்படிக் கிராஸ் பண்ணுகிறான், வடையில் இருக்கிற எண்ணெயைப் பேப்பரில் ஒற்றி எடுக்கிறானா அப்படியே உள்ளே தள்ளுகிறானா, ஆட்டோக்காரர் கேட்ட உடனே சரி என்கிறானா, எல்லாவற்றுக்கும் பர்சென்ட் ஏறும், இறங்கும்.

முதலில் மாட்டியவன் கேஷ் கவுண்டர் செந்தில். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்காரன். பாய் அவனுக்குச் சொன்னது தொண்ணூற்றொன்று. செந்திலின் அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கடைசியில் இன்டர்வியூவுக்குக்கூட ஒரு காலேஜும் கூப்பிடவில்லை. லட்டு தின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "எப்ப தம்பி கிளம்புறே?" என்று பார்க்கிறபோதெல்லாம் கேட்க, பாவம், செந்தில் ரொம்ப நாள் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

அடுத்தது அக்கவுண்ட்ஸ் கோபி. எங்கள் மேனேஜர் பெண்ணுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம், ஆபீஸே போயிருந்தோம். பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நம் ஊரில் இதற்கெல்லாம் கூச்சம் கிடையாது, கூசுவது சாப்பிடுகிறவருக்குத்தான். பாய் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்று கோபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாருங்க" என்றார் என்னிடம். "அந்தப் பக்கம் பூரா மோர் சாதத்துல இருக்காங்க, இப்ப எந்திரிச்சிடுவாங்க. இவன் போயி ரெண்டாவது தடவை பாயசம் கேக்கிறவர் பின்னால நிக்கிறான். போட்டின்னா என்னன்னே தெரியலையே இவனுக்கு. எட்டு பர்சென்ட்."

கோபிக்கு அன்றைக்குக் கடைசிப் பந்தியில் ரசம்தான் மிச்சம். ஆனால் நாட்டிலேயே பேர்போன ஒரு காலேஜ் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஆபீஸ் வாயைப் பிளந்தது. பாய் மட்டும் அசரவில்லை. "எட்டுன்னுதானே சொன்னேன், பூஜ்யம்னு சொல்லலையே" என்றார்.

நடுவில் அவரே ஒரு வருஷம் எம்.பி.ஏ. நுழைவுப் பரீட்சை எழுதினார். தனக்குத் தானே தொண்ணூற்றொன்பது போட்டுக்கொண்டார். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் சீனியர் வசந்தா மேடம். ஒருநாள் டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டு, "அடியே! இந்த மனுஷன் சொல்றது எல்லாமே தலைகீழாத்தான்டி நடக்குது!" என்று கத்தினார். பழைய கேஸ்களை வரிசையாக யோசித்துப் பார்த்தோம். ஆமாம்! அதிகம் சொன்னால் அம்பேல், குறைத்துச் சொன்னால் சீட்டு. ஒன்று தப்பவில்லை.

அவ்வளவுதான், விஷயம் காவிரி தாண்டிப் போய்விட்டது. சாயங்காலமானால் பாய் மேஜை முன்னால் கூட்டம். எல்லோருக்கும் ஒரே வேண்டுதல், குறைச்சுச் சொல்லணும். ஜீயபுரத்திலிருந்து ஒரு வாழைத் தோப்புக்காரர், மகனை ஒரு கையிலும் வாழைத்தாரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, பாத்துச் செய்யுங்க. பத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்." பாய் கண்ணை மூடினார், திறந்தார், "ஆறு" என்றார். அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வாழைத்தாரை மட்டும் பாய் வாங்க மறுத்துவிட்டார்.

அவர்கள் போனதும் என்னிடம், "நம்ம ஊர் ஜனங்களுக்கு எவ்வளவு மனத்தைரியம் பாருங்க. ஆறு பர்சென்ட்டுன்னு சொல்றேன், கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போறாங்க" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடினேன்.

சிரித்தவள் மாட்டிக்கொண்டேன். அந்த வருஷம் நானும் எழுதியிருந்தேன், மூன்றாவது தடவை. இதுவும் போனால் இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் பண்ணியிருந்தேன். வடக்கே ஒரே ஒரு காலேஜிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அது வேண்டும், எப்படியாவது வேண்டும். நேராகப் பாயிடம் போய் நின்றேன். அவர் கண்ணை மூடினார். விரல் ஓடியது. நான் மனசுக்குள் மூணு, மூணு என்று ஜபித்துக்கொண்டிருந்தேன்.

"தொண்ணூத்தி ஏழு."

"பாய், சரியாப் பாருங்க! பத்தாவதுல கணக்குல நான் ரொம்பக் கம்மி."

"கம்மியா இருந்துட்டு இப்ப ஃபைனான்ஸ்ல வேலை பாக்கறீங்க. விழுந்து எந்திரிச்ச ஆளு. அவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

"ரெண்டு வருஷம் ஊத்திக்கிச்சு பாய்!"

"மூணாவது வருஷமும் எழுதுனீங்கல்ல? பிடிவாதம். அதுக்கு ஒரு கால் பர்சென்ட் ஏத்தணும்."

"ஏத்தாதீங்க! நாலு பேர் முன்னாடி எனக்கு வாய் குழறும்."

"இப்ப ஆபீஸே வேடிக்கை பாக்குது, எங்க குழறுது?"

"எனக்குப் பொசுக்கு பொசுக்குன்னு கோவம் வரும்!"

"லீடர்ஷிப்" என்றார் பாய். "தொண்ணூத்தி எட்டு ஆயிடுச்சு. இதுக்கு மேல பேசாதீங்க, நூறு தாண்டிடும்."

ஆபீஸில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வசந்தா மேடம் என்னைக் கட்டிக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோடி" என்றார். லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மேனேஜர், உடனே சரி என்றார். "போயிட்டு வாம்மா. எப்படியும் திரும்பி வரத்தானே போறே."

வீட்டில் அதைவிட மோசம். "தொண்ணூத்தெட்டா! ரங்கநாதா!" என்று அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் சொல்றதையெல்லாம் நம்பிண்டு" என்று அப்பா ஒரு அதட்டு அதட்டினார். மறுநாள் காலையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் குரலே வந்தது. "கேட்டுப் பாரேன், அம்பதுக்காவது இறங்குவானா?"

அம்மா யோசிக்கவே இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து, பாலக்கரையில் பாய் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். பாய் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"குழந்தே, நீ நன்னா இருப்பே. சித்த கொறச்சுச் சொல்லப்படாதோ? பத்து சொல்லு. இல்லையா, இருபது சொல்லு, போறும்."

உள்ளேயிருந்து பாயோட அம்மா வந்தார். விவரம் கேட்டார். அடுத்த நிமிஷமே எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டார். "ஏன்டா, அந்தம்மா ஸ்ரீரங்கத்துலேருந்து மெனக்கெட்டு வந்து நிக்கறாங்க. குறைச்சுச் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? சொல்லித் தொலையேன்டா!"

இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று பேரம் பேசினார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் சொன்னது ஒண்ணுகூட நடக்கலைன்னு எனக்கும் தெரியும்மா. ஏன் குறைச்சுக் கேக்கறாங்க, எதுக்கு வாழைத்தார் வந்துச்சு, எல்லாம் கொஞ்ச நாளாத் தெரியும். ஆனா வேணும்னு கூட்டியோ குறைச்சோ நான் யாருக்கும் சொன்னதில்லைங்க. உங்க பொண்ணுக்குத் தொண்ணூத்தெட்டுதான் வருது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். வராத நம்பரை நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

பாயோட அம்மா டீ கொண்டுவந்தார், குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோவில் பாதி தூரம் வந்த பிறகு அம்மா சொன்னாள். "பையன் தங்கமான பையன்தான்டி. அதான் எனக்கு பயமா இருக்கு."

இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாயிடம் சொன்னது பொய்யில்லை, வாய் குழறத்தான் செய்தது. என் வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கே மென்று முழுங்கினேன். சரி, முடிந்தது என்று நினைத்தபோது, நடுவில் இருந்த அம்மாள் கேட்டார், உங்களுக்கு இங்கே இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

வாய் முந்திக்கொண்டது. "தொண்ணூத்தி எட்டு."

மூன்று தலையும் நிமிர்ந்தன. எப்படி என்றார்கள். எப்படி என்றால் என்ன சொல்வது? பாயைச் சொன்னேன். லட்டைச் சொன்னேன், பந்தியைச் சொன்னேன், வாழைத்தாரைச் சொன்னேன், பாலக்கரை பேரத்தைக் கையை ஆட்டி ஆட்டி நடித்தே காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் அன்றைக்குச் செலவாகிவிட்டது. ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்த அம்மாள் மட்டும் விடவில்லை. ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லாதவரை எதற்கு நம்புகிறீர்கள் என்றார்.

நான் அதை யோசித்ததே இல்லை. ஆனால் பதில் வந்தது. "எங்க அம்மா அவ்வளவு கெஞ்சியும் அவர் நம்பரை மாத்தலைங்க. கேட்டவங்களுக்குப் பிடிக்கணும்னு அவர் எதையும் மாத்தினதே இல்லை." சொல்லும்போது குழறவில்லை.

சீட் கிடைத்தது! ஆபீஸில் நான் மெயிலைத் திறந்ததும் வசந்தா மேடம் போட்ட கூச்சல் சாஸ்திரி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் பாயைப் போய்க் கட்டிக்கொண்டார்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டவர், என்னிடம் வந்து, "அந்த ரெண்டு பர்சென்ட்டை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்லைங்க" என்றார்.

பாவம், அதோடு அவருடைய மார்க்கெட் படுத்துவிட்டது. ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டாரே, இனிமேல் அவர் சொல்வதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வது? ஜீயபுரத்துக்காரர் போன் பண்ணி, "தம்பி, எங்களுக்குச் சொன்னீங்களே ஆறு, அது நல்ல ஆறா கெட்ட ஆறா?" என்று கேட்டாராம்.

எங்கள் வீட்டில் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள், ஆபீஸிலும் எல்லோருக்கும் நான் செல்லம்தான். ஆனால் அந்த வருஷம் அத்தனை பேரும் அதிர்ஷ்டத்தைத்தான் நம்பினார்கள், நானும் சேர்த்துத்தான். இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்று என்னை நம்பின ஒரே மனுஷர் பாய். அந்தத் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று நான் அவரை இன்றுவரை கேட்கவில்லை. பாய் கணக்குப் போட்டால் எனக்குச் சரிதான்.