பீரோ கண்ணாடியில் ஒரு ஜெர்மன் வாத்தியார்

எனக்கு ஜெர்மன் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள நான் எழுபது வயதைக் கடக்க வேண்டியிருந்தது. அதுவரை தெரியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செங்கம் சாலையில் எங்கள் மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்களிடம் பொறுக்கிய சில சொற்களும், பள்ளியில் வரலாறு நடத்திப் பழகிய வாயும்தான் என் புலமை. மருமகள் மலர் நர்ஸ். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். அந்த வேலை கிடைத்தால்தான் அவளும் என் மகன் செந்திலும் நிமிர முடியும். வகுப்புக்குப் போய் நன்றாகவே படித்தாள். ஒன்றுபோல ஒலிக்கும் சொற்கள்தான் காலை வாரின. 'வேர்' என்றால் யார். 'வோ' என்றால் எங்கே. ஆங்கிலம் பழகிய காதுக்கு இரண்டும் தலைகீழ். 'லீகன்' என்றால் படுத்திருப்பது. 'லேகன்' என்றால் படுக்க வைப்பது. (குழப்பினால் நோயாளி நிற்பார், நர்ஸ் கட்டிலில் கிடப்பாள்.)

"கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களுக்கும் ஒவ்வொரு சொல்லை ஒதுக்கினேன். ஞாயிறு காலைகளில் மலரைக் கூட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு சன்னிதியிலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதற்குரிய சொல்லைச் சொல்ல வைத்தேன். எமலிங்கத்துக்கு லீகன். (எமன் வரும்போது படுத்துத்தானே இருப்போம்!) அடுத்த நிருதிலிங்கத்துக்கு லேகன். இப்படியே ஈசானியம் வரை.

சொற்கள் மனதில் நின்றன. ஆனால் வரிசையாகத்தான் வந்தன. நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால், "இருங்க மாமா, இப்பதான் அக்னிலிங்கம் தாண்டறேன்" என்பாள்.

"ஏம்ப்பா, இவ மலைய சுத்திட்டு வர்ற வரைக்கும் ஜெர்மன்காரங்க காத்துட்டிருப்பாங்களா?" என்றான் செந்தில்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. "நீங்க வெளிய இருங்க மாமா" என்று மலர் கெஞ்சினாள். மூச்சுகூட விடமாட்டேன் என்று சத்தியம் செய்து, லேப்டாப்புக்குப் பின்னால் இருந்த பெஞ்சருகே நின்றுகொண்டேன்.

திரையில் கேள்வி கேட்ட ஜெர்மன் அம்மையார் ஏதோ நோயாளியைப் பற்றிக் கேட்டார். மலர் வாயைத் திறந்து, நிறுத்தி, கண்ணை மூடினாள். எனக்குப் புரிந்துவிட்டது: பெண் முதல் லிங்கமான இந்திரலிங்கத்திலிருந்து கிளம்பிவிட்டாள்! பொறுக்கவில்லை. தெற்குப் பக்கம் திரும்பி, எமலிங்கத்தைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் காட்டினேன்.

மலருக்குப் பின்னால் இருந்த பீரோவில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதை நான் யோசிக்கவில்லை. வேட்டி கட்டிய கிழவர் ஒருவர் கும்பிட்டபடி சாய்ந்ததை ஜெர்மனி முழுதாகப் பார்த்தது.

"வேர் லீக்ட் டா?" என்று அலறினார் அம்மையார். அங்கே படுத்திருப்பது யார்?

மலர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிறகு எந்த லிங்கத்தையும் சுற்றாமல், மடமடவென்று ஜெர்மனில் சொன்னாள்: "அவர் என் மாமனார். பெஞ்சில் படுத்திருக்கிறார். எனக்கு உதவுகிறாராம். ஒரு நிமிடம் கொடுங்கள், அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வருகிறேன்."

லீகனும் லேகனும் அதனதன் இடத்தில் அம்சமாக உட்கார்ந்திருந்தன.

என்னை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று கட்டிலில் உட்கார்ந்து உருகினேன். அவள் மேல் நம்பிக்கை இருந்திருந்தால் நான் ஏன் அங்கே நின்றிருக்கப் போகிறேன்? வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நீங்க போனப்புறம் நல்லா வந்துச்சு மாமா" என்றாள். "அந்தம்மா சிரிச்சி சிரிச்சி கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க."

வேலை கிடைத்தது. மலர் இப்போது அங்கேதான் இருக்கிறாள். அவளிடம் போய்ச் சேர செந்திலும் ஜெர்மன் படிக்கிறான். அவன் பாடத்துக்கு உட்காரும்போதெல்லாம் என் வேட்டி ஒன்று பீரோ கண்ணாடி மேல் ஏறிவிடும். போனில் மலர் முதலில் கேட்பது அதைத்தான்.

"மாமாவ மூடிட்டீங்களா?"

"மூடியாச்சு" என்பேன், நானே.