பம்பைக்காரர் வீட்டுப் பக்கத்தில் ஒரு மௌன விரதம்

ஒன்று, இந்தச் சத்தம் நிற்க வேண்டும். அல்லது நான் இந்தத் தேசத்தை விட்டே போக வேண்டும்.

போன வருஷம் ஆனிக் கடைசியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சபதம் செய்தேன். தேசம் என்று சொன்னது தவறல்ல. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுக் குடி. நான் இப்போது இருக்கும் திருத்தணியோ பிரிட்டிஷ் ராஜ்யம். சட்டப்படி நான் இங்கே அந்நியன். இந்த ஊரில் யாரும் அதை நம்புவதில்லை. அந்நியன் என்றால் சிவப்பாக இருக்க வேண்டுமாம். நான் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்கு அண்ணன் மாதிரி இருப்பேன்.

பெயர் மணவாளன். வயது பத்தொன்பது. பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தோற்றுப் படிப்பை விட்டவன். படிப்பை விட்டான் என்பது வீட்டார் சொல்வது. உண்மையில் படிப்புதான் என்னை விட்டது. கணக்கில் பாஸ். சரித்திரத்தில் பாஸ். பிரெஞ்சு மொழியில் பெயில். ஒரு பிரெஞ்சுக் குடிக்கு இதைவிட அவமானம் வேண்டாம். சும்மா இருந்தால் கெட்டுப்போவான் என்று ரஞ்சிதத்தைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து என் தாய்மாமன், இங்கே பக்கத்திலுள்ள அம்மையார்குப்பத்துத் தறிகளில் சேலை பார்த்து எடுத்து அனுப்ப ஆள் வேண்டும் என்று எங்கள் இருவரையும் இங்கே அனுப்பிவிட்டார்.

திரும்பிப் போக ஒரே வழி, பிரெவேயை மறுபடி எழுதுவது. பாஸ் பண்ணினால் புதுச்சேரியில் சர்க்கார் ஆபீசு ஒன்றில் எனக்கு நாற்காலி காத்திருந்தது. ஆடி மாதத்தில் விண்ணப்பம் போட வேண்டும். ஐப்பசியில் எழுத வேண்டும். நடுவில் படிக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

பக்கத்து வீட்டில் கோதண்டம் இருந்தான். பம்பைக்காரன். பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம். ஒன்று போதாதென்று இரண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களை அடித்துப் பாடி மலையேற்றி விடுவது அவன் தொழில். அதற்கு ஆனியிலிருந்தே பழக்கம் பண்ணிக்கொள்வான். பம்பைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே அவன் மனைவி ஜெயம்மாவுக்குக் குரல் வளர்ந்துவிட்டது. ஜெயம்மாவுக்கு மேல் பேசி நாலு பிள்ளைகளுக்கும் வளர்ந்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அதற்கு மேல் வெறும் மூங்கில் தட்டி. அவர்கள் வீட்டில் கடுகு வெடித்தால் என் பிரெஞ்சு இலக்கணத்தில் விழும்.

ரஞ்சிதமோ வந்த மூன்றாம் வாரமே தட்டி வழியாகக் குழம்பு வாங்கவும் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் வீட்டுத் தெலுங்கைக் கற்றுக்கொண்டாள். போய்க்கினு வந்துகினு என்று இந்த ஊர்க்காரியாகவே பேசினாள். கோதண்டத்தை அண்ணா என்றாள். அவன் உடனே என்னைப் பாவா என்று கூப்பிட ஆரம்பித்தான். என் சம்மதம் இல்லாமலே எனக்கு ஒரு மைத்துனன், அதுவும் பம்பையோடு.

சபதம் செய்த அன்றைக்கே தட்டியைத் தட்டி அவனைக் கூப்பிட்டேன். ஆறாவது தட்டுக்கு வந்தான்.

"இன்னா பாவா, கூப்டீங்களா? பம்பை சத்தத்துல காதுல வுழல."

"அதைத்தான் சொல்ல வந்தேன். நான் படிக்கணும்."

"படிங்க பாவா. நான் இன்னா பொஸ்தகத்தையா புடுங்கிக்கினேன்?"

"நான் பிரெஞ்சுக் குடி, தெரியுமா? எங்க ஊர்ல பகல்ல இப்படிச் சத்தம் போட்டா போலீஸ் வந்துடும்."

"ஆங், தங்கச்சி சொல்லிச்சி. அந்த ஊர்ல பம்பையே கெடையாதாமே." கோதண்டத்தின் முகம் இளகிவிட்டது. "பாவம். இனிமே தட்டி ஓரமா குந்திக்கினு அடிக்கறேன். ஆச தீரக் கேளுங்க."

சொன்னதைச் செய்கிறவன். மறுநாளிலிருந்து தட்டி ஓரமாகவே உட்கார்ந்தான்.

நான் நேரே வீட்டுக்காரர் நூர் முஹம்மது பாயிடம் போய், ஆடி முடிந்ததும் காலி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு வீடு பார்க்கிறேன், இல்லாவிட்டால் ஊருக்கே போகிறேன் என்று ரஞ்சிதத்திடம் கத்தினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எதுக்குங்க அவ்ளோ தூரம்? இந்த ஊர்ல மாலை போட்டு வெரதம் இருக்கறவங்கன்னா ரொம்ப மரியாதையாம். அதுலயும் மௌன வெரதம்னா, அவங்க எதிர்ல நின்னு யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்களாம். ஜெயம்மா அக்கா சொல்லிச்சி. எனக்கு இன்னா, காதுல வுழுந்தத சொன்னேன்."

கீரை ஆய்ந்து முடிவதற்குள் அந்த யோசனை என் சொந்த யோசனை ஆகிவிட்டது. ஆடியில் தறிக்காரர்களும் காவடி என்று போய்விடுவார்கள், சேலை வேலை மந்தம். கிருத்திகைக்குப் பதினோரு நாள் முன்னால் மாலை போட வேண்டியது. வாயை மூட வேண்டியது. தெருவே வாயை மூடும். பதினோரு நாளில் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிடலாம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

குறித்த நாளில் மஞ்சள் வேட்டி கட்டி, குளத்தில் முழுகி, மாலை போட்டுக்கொண்டு வந்து தட்டிக்கு முன்னால் நின்றேன். அரைகுறையாகச் சொன்னால் பிள்ளைகள் பயப்படாது என்று விரதத்தைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். கிருத்திகை வரைக்கும் பேச மாட்டேன். எழுத மாட்டேன். ஜாடைகூடக் காட்ட மாட்டேன். என் முருகன்மேல் ஆணை.

கோதண்டம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"ஜாடைகூட இல்லாமயா பாவா? நம்ம தெருவுல இவ்ளோ கடுமையா யாருமே இருந்ததில்ல."

"அவருக்கே தோணிச்சிண்ணா" என்றாள் ரஞ்சிதம்.

அன்று முழுக்கத் தெருவில் ஈ பறக்கவில்லை. ஜெயம்மா குசுகுசுவென்று பேசியதை அன்றுதான் கேட்டேன். பிள்ளைகள் என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டன. நாற்பது பக்கம் படித்தேன். நாற்காலி என் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் கைப்பிடிகூடத் தெரிந்தது.

மறுநாள் விடிந்தபோது வாசலில் இடி விழுந்தது.

எழுந்து ஓடிவந்து பார்த்தேன். என் வாசற்படியில் கோதண்டம் பம்பையோடு நின்றான். அவன் தம்பி துளசிங்கம் உடுக்கையோடு நின்றான். பள்ளிப்பட்டிலிருந்து வந்த இரண்டு பேர் கைச்சிலம்போடு நின்றார்கள். நாலு பேரும் என் முகத்தைப் பார்த்து அடித்துப் பாடினார்கள்.

ஜெயம்மா ரஞ்சிதத்திடம் விளக்கிச் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

"வாய் தொறக்காம இருக்கறவருக்கு பதிலா பம்பைதான் சாமிகிட்ட பேசணும். இல்லன்னா இவரு வெரதம் இருக்கறது அவருக்கு எப்டி தெரியும்? விடியல்ல ஒருதரம், பொழுது சாயறப்ப ஒருதரம். பதினோரு நாளும். வேற எங்கனா இருந்தா ஆள் தேடி அலையணும். உங்களுக்கு இன்னா, எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயே இருக்கறாரு."

நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். ரஞ்சிதம் மலைமேல் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. போ என்று காட்டக் கை இல்லை. என் ஆணையே என்னைக் கட்டிப்போட்டிருந்தது. பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டி முறைத்தேன். முறைப்பது ஜாடையில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பார்த்த துளசிங்கம், சாமி எறங்குது எறங்குது, வுடாத அடி என்றான். விடாமல் அடித்தார்கள். ரஞ்சிதம் ஓடிவந்து என் நெற்றி நிறைய விபூதி பூசினாள்.

மூன்றாம் நாள் ஜெயம்மா தன் கடைசிப் பிள்ளையைக் காய்ச்சலோடு என் காலடியில் போட்டாள். காய்ச்சல் தானாக இறங்கும் நாள் அது. இறங்கியது. அதற்கப்புறம் என் வாசலில் வரிசை. வாரிக் கொடுக்க விபூதித் தட்டு ஒன்றை ரஞ்சிதம் தயாராக வைத்திருந்தாள். நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மடியில் பிரெஞ்சு இலக்கணம் இருந்தது. அதை ஏதோ மந்திரப் புத்தகம் என்று சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பெயிலான புத்தகம் அது.

ஐந்தாம் நாள் நூர் முஹம்மது பாய் வந்தார். தம்பி காலி பண்றேன்னு சொன்னாரே, வேற ஒருத்தர் கேக்கறாரு, வாக்கு குடுத்துடட்டுமா என்று கேட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே துடித்தேன்.

"அது வெரதத்துக்கு முன்னாடி பேசினது பாய்" என்றாள் ரஞ்சிதம். "இப்ப அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். நாங்க காலி பண்ணிடறோம்."

பாய் என் வாயைப் பார்த்தார். ரஞ்சிதம் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அது மூடியே இருந்தது.

"அவசரமே இல்ல தம்பி. நல்லா இருங்க" என்று சொல்லி, பாயும் கொஞ்சம் பவ்யமாகவே போனார்.

ஆறாம் நாள் புதுச்சேரியிலிருந்து விண்ணப்பத் தாள் வந்தது. கடைசித் தேதி கிருத்திகைக்கு முந்தின நாள். தபாலில் போக ஐந்து நாள். அன்றைக்கே எழுதிப் போட்டால்தான் உண்டு. மத்தியானம் வரிசை கலைந்ததும் அடுக்களைக்குள் போய்ப் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் ரஞ்சிதம்.

அவள் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எழுதுங்க. நான் யார்கிட்டயும் போய் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணனே வந்து, பாவா வெரதம் சுத்தமா நடக்குதான்னு கேட்டா, சாமி காரியத்துல பொய் சொல்ல மாட்டேன்."

தினம் இரண்டு வேளை எனக்காகத் தொண்டை கிழியப் பாடுகிற மனிதனை நினைத்தேன். காய்ச்சல் இறங்கிய பிள்ளையை நினைத்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், அவர்களை நினைத்து வருந்தியதைவிட, தெரு முழுக்கத் திரண்டு என்னை உதைப்பதை அதிகமாக நினைத்தேன். பேனாவை மூடினேன். நாற்காலி கண்ணை விட்டுப் போயிற்று, கைப்பிடியோடு.

கிருத்திகை அன்று முந்நூற்று அறுபத்தைந்து படியும் பம்பை முன்னால் போக நான் காவடியோடு பின்னால் ஏறினேன். மேலே போய் விரதம் முடிக்கும்போது முதல் பேச்சு அரோகராவாக இருக்க வேண்டுமாம். அரோகரா என்றேன். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. இரண்டாவது பேச்சை ரஞ்சிதத்துக்கென்று வைத்திருந்தேன். மண்டபத்து ஓரம் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"பம்பை அடிக்கற வழக்கம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"எதிர்ல நின்னு யாரும் பேச மாட்டாங்கன்னுதான் சொன்னேன். யாருனா பேசினாங்களா?"

"ரஞ்சிதம், பரீட்சை போச்சு. இனிமே ஊருக்குப் போறது எப்படி?"

அவள் மலைக்குக் கீழே பார்த்தாள். அங்கே எங்கள் சந்து தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வீட்ல எட்டு மாசம் இருந்தேன். டம்ளரைக் கீழ வெச்சா, இன்னா சத்தம்னு உங்கம்மா கேப்பாங்க. சிரிச்சா, யாரது சிரிக்கறதுன்னு கேப்பாங்க. நீங்க பக்கத்துலயே குந்திக்கினு படிச்சிக்கினு இருந்தீங்க. எட்டு மாசம் மௌன வெரதம். எனக்கு யாருங்க பம்பை அடிச்சாங்க?"

நான் அவிழாத வேட்டியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

நல்ல வேளையாகக் கோதண்டம் வந்தான். வேர்த்து வழிந்துகொண்டு என்னைக் கட்டிப்பிடித்தான்.

"பாவா, பிரமாதம். அடுத்த ஆடி இதவிட நல்லா பண்ணிடலாம்."

"அடுத்த ஆடியா?"

"ஆங். மாலை போட்டா மூணு ஆடி உடாம போடணுமே. நடுவுல உட்டா குத்தம். தங்கச்சிகிட்ட அப்பவே சொல்லிட்டனே, சொல்லலியா?"

தங்கச்சி கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. நாளைக்கு இரண்டாவது மாலை. இந்த வருஷமும் கடைசித் தேதி விரதத்துக்கு நடுவில்தான் விழுகிறது. ஆனால் நான் பழைய மணவாளன் இல்லை. போன மாதமே எழுதி விண்ணப்பத் தாளை வரவழைத்துவிட்டேன். மாலை போடுவதற்கு முன்னால், இன்றைக்கே பூர்த்தி பண்ணி வைத்துவிடப் போகிறேன். பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. கோதண்டம் குடும்பத்தோடு ஆர்.கே.பேட்டைக்குப் பம்பைக்குத் தோல் வாங்கப் போயிருக்கிறான். நாளைக் காலையில்தான் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் இப்படி அமைதி. இதைவிட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது.

ஒரே ஒரு சிக்கல். இந்தக் கதையைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தை மசியால்தான் எழுத வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தபாலாபீசுப் பேனாவை நம்பி ஓடினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்து என் பேனா எங்கே என்று ரஞ்சிதத்தைக் கேட்டேன். ஜெயம்மா அக்கா அவசரமாகக் கேட்டது, இரவல் கொடுத்தனுப்பினேன் என்றாள்.

ஜெயம்மாவுக்கு எழுதத் தெரியாது.