ஒரு நாளைக்கு ஒண்ணு

புது ஃபோன் வாங்கிய மனிதனை முதல் ஆறு மாதம் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர்க்கக் கூடாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஐந்து வருடம் முன்பு என்னைச் சேர்த்ததால், அரவேணு பக்கம் எங்கள் சரிவில் ஒன்பது வீட்டுத் தேயிலை ஒரே நாளில் குப்பைக்குப் போகப் பார்த்தது.

குரூப்பின் பெயர் ‘இலை வண்டி’. நாங்களெல்லாம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். பறித்த பச்சை இலையைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் வைத்தால், செந்தில் தன் வண்டியில் ஏற்றி ஃபேக்டரியில் சேர்ப்பான். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அவன் சொல்வதற்கு மட்டுமே அந்தக் குரூப். (‘மட்டுமே’ என்ற சொல்லுக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது.)

காலை ஐந்து மணிக்குப் பூப்படத்தோடு என் வணக்கம். ஐந்தே காலுக்கு எங்கள் வீட்டு மூடுபனி. ஐந்தரைக்கு அதே மூடுபனி, வேறு கோணத்தில். (இரண்டிலும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.) பிறகு இஞ்சியின் நன்மைகள், பப்பாளியின் நன்மைகள். யாரும் பதில் போடவில்லை. பிரமித்துப் போய் வாயடைத்து நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் தொல்லை தாங்காமல் எல்லோரும் குரூப்பின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை செந்தில் எழுதினான்: “மத்தியானம் மரம் வெட்ட ரோட்டை அடைக்கிறாங்க. வண்டி மூணு மணிக்கு இல்ல, பதினோரு மணிக்கே வரும். பாத்தவங்க மத்தவங்களுக்குச் சொல்லிருங்க.”

நான் படிக்காமலே ஒரு கும்பிடு பொம்மை போட்டேன். எது வந்தாலும் கும்பிடு போடுவது அன்றைய என் பழக்கம். அண்ணன் சொல்லிவிடுவார் என்று அவன் நிம்மதியாகிவிட்டான். நான் அதன் மேல் இன்னும் இருபது படங்களை அடுக்கினேன்.

மூன்று மணிக்கு ஒன்பது வீட்டுக்காரர்களும் சாக்குகளோடு நின்றோம். வண்டியைக் காணோம். பக்கத்துத் தோட்டத்து மரகதம் ஃபோனை எடுத்துத் தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே போனார். இஞ்சிக்கும் பப்பாளிக்கும் நடுவே செந்திலின் செய்தி அகப்பட்டது. அதன் கீழே என் கும்பிடு.

“ஏனுங்ண்ணா, கும்பிடு மட்டும் போட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

அவரும் அவர் மகளும் விடிந்ததிலிருந்து குளிரில் நின்று பறித்த இலை அது. மறுநாள் ஞாயிறு, வண்டி கிடையாது. திங்கள்வரை சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், கொட்ட வேண்டியதுதான். வெட்கத்தோடு செந்திலைக் கூப்பிட்டேன். பதினோரு மணிக்கு வந்து, ஒரு சாக்கும் இல்லாததால் இன்று யாரும் பறிக்கவில்லை போலும் என்று திரும்பியிருந்தான். அன்று அவன் மகளுக்குப் பிறந்தநாள் வேறு.

“ரோடு தொறந்ததும் வர்றேங்ண்ணா,” என்றான். ஒரு வசவுகூட இல்லை.

காத்திருந்த நேரத்தில் ரோட்டோரத்திலேயே கூட்டம் நடந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மெசேஜ் என்றார் மரகதம். நான் கருத்துச் சுதந்திரம் பற்றி ஆரம்பித்தேன்.

“சுதந்திரம் இருக்கட்டுங்க. மொதல்ல சாக்கு மேல இருந்து எந்திரிங்க, இலை நசுங்குது.”

தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒரு ஓட்டு.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது, முன்சீட்டில் கேக் பெட்டியோடு. எல்லாச் சாக்கையும் நானே ஏற்றினேன். ஃபேக்டரிவரை கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்ண்ணா, கேக்க ஆட்டாம புடிங்க,” என்றான். ஒரு சாக்கு இலைகூட வீணாகவில்லை. அந்த மனிதனுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

விதி இன்னும் இருக்கிறது. ஒன்றுதான் என்பதால் யோசித்துப் போடுகிறேன், ஆச்சரியம், படிக்கிறார்கள். போன மாதம் காய்ச்சலில் படுத்து, அந்த ஒன்றையும் போடவில்லை. பத்து மணிக்கு மரகதமும் மகளும் வாசலில் நின்றார்கள்.

“உங்க மெசேஜக் காணோம், என்னாச்சோன்னு வந்தோமுங்க.”

அன்று என் இலையையும் அவர்களே பறித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாலையில் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நன்றி சொல்லத் தொடங்கினேன். அரைமணி நேரம் போனது. டீ டம்ளரோடு வந்த என் மனைவி சொன்னாள்:

“ஏனுங்க, இன்னைக்கு ஒண்ணு ஆச்சு. அவங்க ஊட்டுக்குப் போகட்டும்.”

இப்போது நான் வாயைத் திறந்தாலே மகள், மருமகன், பேத்தி எல்லோரும் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.