வலது கால் நீங்கலாக

வக்கீல் அவர்களே, டீமேக்கரின் வலது காலை வெட்டியது மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அல்ல. நீங்கள்தான். டாக்டர் கத்தியைப் பிடித்தார், அவ்வளவுதான். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும். உதியன்குளங்கரையில் பஸ் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

நான் உதியன்குளங்கரை ஜங்ஷனில் டீக்கடை வைத்திருப்பவன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை. கடைக்கு வந்துபோன விசித்திரமான ஆட்களைப் பற்றி எழுதச் சொல்லி இந்தப் பத்திரிகைக்காரர் கேட்டார், எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் சிரிப்பதற்கு. இந்த ஆளைப் பற்றியும் சிரிக்கலாம். கடைசி வரைக்கும் சிரிக்க முடியுமா என்பது படிக்கிறவர்கள் பாடு.

உலகத்திலேயே காசு கொடுத்து டீ வாங்கித் துப்பிய மனிதர் டீமேக்கர் ஒருவர்தான். சிலோனில் ஒரு தோட்டத்து ஃபாக்டரியில் தேயிலையைப் பக்குவம் பார்த்து, ருசி பார்த்து அனுப்புகிற வேலையில் இருந்தவர். அந்த வேலைக்கு டீமேக்கர் என்று பெயர். பெண்டாட்டியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல், கம்பெனி பென்ஷனோடு எங்களுக்குப் பக்கத்தில் தன் சொந்த ஊரான பாறசாலைக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே என் கடையில் கால் வைத்தார். ஒரு மடக்கு எடுத்தார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வாயில் போட்டு அலசினார். பிறகு வாசலில் துப்பினார். வாசலில் நின்ற பகுதிக் கச்சேரி அதிகாரியின் சைக்கிள் சக்கரம் நனைந்தது. பகுதிக் கச்சேரி என்பது நிலவரி கட்டுகிற ஆபீஸ். அதிகாரி மலையாளி, சாது.

"இது டீயில்ல மக்கா. தேயிலைக்க சவத்தக் குளிப்பாட்டுன தண்ணியாக்கும்."

"பிடிக்கல்லேன்னா குடிக்காண்டாம் மாமா. எதுக்கு துப்புதீரு?"

"முழுங்கிப்போட்டா ருசி தெரியுமாலே? இன்னொரு கிளாஸ் போடு. சீனி கூட்டிப் போடு."

"சீனி வியாதி உண்டுன்னு இப்பம்தானே சொன்னீரு?"

"உண்டு. அதுனாலதான் துப்புகேன். வாயில வச்சதுக்கு ஒடம்புல கணக்கு கெடையாது."

அதுதான் அவர் வைத்தியம். அது போதாமல் இன்சுலின் ஊசியும் உண்டு. மருந்துக் குப்பியை வீட்டில் ஈர மணலில் புதைத்த மண்பானையில் வைத்திருப்பார். காலையில் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கி, தொடையில் தானே குத்திக்கொள்வார். பக்கத்தில் புட்டு தின்றுகொண்டிருந்த பஸ் டிரைவர் ஒருநாள் அதைப் பார்த்து மயங்கி விழுந்தார். திருவனந்தபுரம் போகிற பஸ் அன்றைக்கு டிரைவர் கண் திறக்கிற வரைக்கும் ஜங்ஷனில் நின்றது. டீமேக்கர் டிரைவரின் வாயில் சீனியைப் போட்டுவிட்டு, "இவனுக்கும் ஊசி வேணும்போல" என்றார்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று செய்தார். ஒருநாள் நீல நிறத் தண்ணீர் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். "விளக்குக்கு ஸ்பிரிட்டு தீந்துபோச்சு. உனக்க அடுப்புல ஒண்ணு காட்டு மக்கா, லிக்கர் பாக்கணும்" என்றார். டீயின் நிறத்துக்கு அவர்கள் தொழிலில் லிக்கர் என்று பேர். நானும் ஏதோ தேயிலை விஷயம் என்று நினைத்து இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் செங்கல் நிறத்துக்கு வந்தது. கடையில் இருந்தவர்கள் எழுந்துவந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"நல்ல நிறமாட்டு வருகே மாமா. எந்தத் தோட்டத்து எல?"

"எல இல்லலே. மருந்துல கலந்த எனக்க மூத்திரமாக்கும். செவப்பு வந்தா சீனி கூடுதல்."

அந்த வாரம் முழுக்க என் கடையில் ஈதான் வந்தது.

வரி கட்டுவதிலும் இப்படித்தான். அவர் இரண்டு சர்க்காருக்கு வரி கட்டினார். சிலோன் சர்க்கார், பென்ஷன் கப்பல் ஏறுவதற்கு முன்பே தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். இங்கே, வீட்டுக்கும் தென்னைக்கும் கச்சேரியில் கரம் என்கிற வரி கட்ட வேண்டும். கட்டுவார். ஆனால் ரசீதைக் கையால் தொடமாட்டார். அது மலையாளத்தில் அச்சடித்தது. அதிகாரி அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். "வாசிச்சதக் கேட்டாச்சு. கடலாசு உம்மகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். தாலுகா முழுவதும் எல்லைப் போராட்டம் பற்றி எரிந்த வருஷங்கள் அவை. தெற்குத் தாலுகாக்களோடு எங்கள் நெய்யாற்றின்கரையும் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டில் சேர வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொருவரும் ஏதோ செய்துகொண்டிருந்தோம். டீமேக்கர் ரசீது வாங்காமல் இருந்தார்.

வம்பு கொழும்பிலிருந்து வந்த ஃபாரத்தில் தொடங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஃபாரம் அது. மேலே கொட்டை எழுத்தில் 'வெளிநாட்டில் குடியிருக்கும் பென்ஷன்காரர்' என்று இங்கிலீஷில் இருக்கும். எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்று எழுதி, ஊர் அதிகாரியிடம் சீல் வாங்கி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் அங்கே வரிக் கணக்கு முடியும், பென்ஷன் வரும். பென்ஷன் வந்தால்தான் இன்சுலின்.

"பாத்தியாலே மக்கா," என்று என் முகத்துக்கு நேரே அந்தத் தாளை ஆட்டினார். "வெளிநாட்டுல கெடந்தது அங்க வேல பாத்த காலத்துல. இப்பம் வீட்டுக்கு வந்தாச்சு. இப்பம் சொல்லுகானுவ, வெளிநாட்டுல இருக்கேன்னு."

அதுவரை அந்த இடத்தில் பாறசாலை என்று மட்டும் எழுதி ஒப்பேற்றி வந்தவர், போராட்டம் முற்றிய அந்த வருஷம் பேனாவை அழுத்தி எழுதினார்: பாறசாலை, தமிழ்நாடு.

அதிகாரி சீலைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். "சாரே, இல்லாத்த நாட்டுக்கு ஞான் எங்ஙனெ சீல் வைக்கும்? அது வெட்டிட்டு திருவிதாங்கூர்–கொச்சின்னு எழுது. இப்பொ குத்தித் தராம்."

"இல்லாத்த நாடா? வரும். வந்தப்பொறவு நீரு குத்தும்."

"அது வரும் வரை சாரு ஜீவிக்கண்டே?"

டீமேக்கர் ஒரு மடக்கு எடுத்தார். அலசினார். துப்பினார். "லிக்கர் சரியில்ல" என்றார். டீயைச் சொன்னாரா, அதிகாரியைச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அதிகாரி விடவில்லை. தானே ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதி, சீலும் குத்தி, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று கொண்டுவந்து கெஞ்சினார். டீமேக்கர் அதை வைத்து என் புட்டுத் தட்டை மூடிவிட்டுப் போனார். பென்ஷன் நின்றது. தேங்காய் விற்ற காசில் வாங்கிய மருந்தைப் பாதிப் பாதியாகக் குத்திக்கொண்டார்.

வக்கீல் அவர்களே, இந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள்.

ராஜ்யங்களைப் பிரிக்க வந்த கமிஷன், தமிழ்நாட்டுக்குக் கொடுத்ததில் எங்கள் தாலுகாவை விட்டுவிட்டது என்று சேதி வந்ததிலிருந்து ஊர் செத்த வீடு மாதிரி இருந்தது. என் கடைக்கு எதிரே மேடை போட்டார்கள். மேடைக்கு ஏறுகிற படி என் கடை பெஞ்சு. நீங்கள் அதில் மிதித்து ஏறினீர்கள். "போனால் எல்லோரும் சேர்ந்து போவோம். நெய்யாற்றின்கரையை விட்டுவிட்டு ஒருவனும் போகமாட்டான்" என்றீர்கள். கைதட்டினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாளை ஊர்வலத்துக்குச் செருப்பில்லாமல் வாருங்கள். சொந்த மண்ணில் நடக்க எதற்குச் செருப்பு?" என்றீர்கள். அப்போது உங்கள் காலில் கயிறு கட்டிய பிரவுன் ஷூ இருந்தது. பெஞ்சில் அதன் தடத்தை நான்தான் துடைத்தேன்.

சோற்றை விட்டாலும் செருப்பை விடாதே என்று டாக்டர் டீமேக்கருக்குச் சொல்லியிருந்தார். வேதக்கோவிலுக்குள்கூட கான்வாஸ் ஷூவோடு போய், போதகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். மறுநாள் ஷூவைக் கழற்றி என் மேஜையில் வைத்தார்.

"மாமா, சொன்னாக் கேளும். இதப் போட்டுக்கிட்டு நடவும்."

"வக்கீலு சொன்னத நீ கேக்கல்லியா?"

"வக்கீலுக்கு சீனி வியாதி இல்ல."

"அவருக்கு சீனி இல்ல, எனக்கு செருப்பு இல்ல. ஆளுக்கு ஒண்ணு இல்ல மக்கா. வா."

சித்திரை வெயில். தார் உருகிக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் ரோட்டோரப் புல்லைத் தேடித் தேடிக் குதித்தோம். டீமேக்கர் மட்டும் நடு ரோட்டில் நேராக நடந்தார். "எனக்கு சுடவே இல்லலே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதை அவர் நாட்டுப்பற்று என்று நினைத்தார். கால் நரம்பு செத்துப்போயிருந்தது. நீங்கள் ஜீப்பில் முன்னால் போனீர்கள்.

கொப்புளம் வந்தது, புண்ணானது, பெருவிரல் கறுத்தது. தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் பஸ்ஸில் கொண்டுபோனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வெளியே வந்து, காலை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா, இங்கேயே புதைத்துவிடலாமா என்று கேட்டார். காலோடு எந்த பஸ்ஸில் ஏறுவது? புதைக்கச் சொன்னேன். பின்பக்கம் ஒரு அயனி மரத்தின் அடியில் புதைத்தார்கள். நான் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கண் விழித்ததும் கேட்டார். "எலே, எனக்க காலு எங்க?"

"அயனி மூட்டுல மாமா. அடக்கியாச்சு."

"இது எந்தத் தாலுகா?"

"கல்குளம்."

"கெடக்கட்டும். எல்லாம் ஒண்ணாவப் போற எடந்தானே."

ஐம்பத்தாறு நவம்பர் ஒன்றாம் தேதி எல்லையைப் போட்டார்கள். கல்குளம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. விளவங்கோடு போயிற்று. நாங்கள் இங்கேயே, கேரளத்தில், கிடந்தோம். டீமேக்கர் அன்று காலையில் கக்கத்தில் கட்டையோடு வந்து, புது எல்லை விழுந்த களியக்காவிளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். அந்தப் பக்கம் வெடி. அந்தப் பக்கம் மாலை. மாலைக்குள் நீங்கள். உங்கள் ஆள் ஒருவர் தட்டில் லட்டு கொண்டுவந்தார், டீமேக்கர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் அதை ஒதுக்கிவைத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். நான் அவர் பின்னால்தான் நின்றேன்.

"வக்கீல் ஐயா, எனக்க காலு உங்க பக்கத்துல கெடக்கு. நான் எந்தப் பக்கமாக்கும்?"

"பெரியவரே, உங்கள் தியாகம் வீண்போகாது" என்று சொல்லி ஜீப்பில் ஏறினீர்கள்.

அவர் லட்டைத் துப்பினார். ருசி எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிற ஆள் அவர். அன்றைக்கு மட்டும் கட்டையை ஊன்றி நேரே சைக்கிளுக்கு நடந்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் கேரியரில் சுமை குறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

தை பிறந்ததும் மறுபடி ஃபாரம் வந்தது. என் கடையில் வைத்துத்தான் எழுதினார். வெளிநாட்டில் குடியிருக்கும் பென்ஷன்காரர் என்ற வரியை விரலால் தொட்டு, "இப்பம் சரிதான்" என்றார். குடியிருக்கும் நாடு என்ற இடத்தில் இப்படி எழுதினார்: கேரளம், வலது கால் நீங்கலாக.

அதிகாரி அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி வாசித்தார். வெட்டச் சொல்லவில்லை. சீலை எடுத்துக் குத்தினார்.

"அந்தக் காலுக்கு நான் இஞ்ச கரம் கெட்டணுமா சாரே?"

"வேண்டா சாரே. அதினு வேற ராஜ்யம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருஷம்தான் டீமேக்கர் ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. கொழும்பில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, பென்ஷன் வந்தது, முழு ஊசிக்கு மருந்தும் வந்தது. மருந்து லேட். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் இடது காலும் கறுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "இதும் அங்க போச்சுன்னா, அப்பொறம் எனக்கு இஞ்ச என்ன சோலி?" என்று கேட்டார். வரமாட்டேன் என்றுவிட்டார். பாறசாலைக் கல்லறையில்தான் அடக்கினோம். பெட்டியில் கான்வாஸ் ஷூ இரண்டையும் வைத்தேன். ஒன்று போதுமே என்று பெட்டி செய்தவன் சொன்னான். அவனை அடிக்கப் போய்விட்டேன்.

இப்போதும் காலையில் முதல் கிளாஸ் டீயை நான் வாயில் வைத்து அலசித் துப்பிவிட்டுத்தான் கடை திறக்கிறேன். சரியில்லை என்றால் கொட்டிவிட்டு வேறு போடுகிறேன். ஜங்ஷனிலேயே நல்ல டீ என்னுடையது என்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவருக்கும் துப்பத் தெரியாது.

வக்கீல் அவர்களே, நீங்கள் இப்போது நாகர்கோவிலில் வீடு கட்டி சுகமாக இருக்கிறீர்கள். இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றும் தெரியும். அந்தக் காலுக்கு ஒரு கல் நடச் சொல்லி நான் கேட்கவில்லை. களியக்காவிளையில் அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் ஜீப்பில் ஏறிப் போனீர்கள். அவர் செத்துவிட்டார், ஆகவே நான் கேட்கிறேன். ஊர் வாசிக்கிற மாதிரி, இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்: கால் உங்கள் பக்கம். ஆள் எந்தப் பக்கம்?