குரல்தான் இடைஞ்சல்

ஆல்பம் யூட்யூபில் வெளியாகி ஒரு வாரம் ஆகியும் வந்திருந்தது ஒரே ஒரு கமெண்ட்.

"மியூசிக் அருமை. அந்தப் பொண்ணு குரல்தான் இடைஞ்சல்." எழுதியவர் பெயர் நல்லகண்ணு.

அந்தப் பொண்ணு ஷெர்லின். தென்காசியில் ஒரு செல்போன் கடையில் வேலை. கல்லூரியில் மூன்று பேராகத் தொடங்கிய இசைக்குழுவில் மிச்சம் அவள் மட்டும்தான். முத்துகுமரன் பெங்களூருக்கும், ஜெயபிரியா துபாய்க்கும் போய்விட்டார்கள். பாட்டுகளை வாட்ஸப்பில் அனுப்பியதுமே இரண்டு பேரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அத்தனை பாட்டையும் அரை நிமிஷத்தில் கேட்டு முடித்திருக்கிறார்கள்!

சென்னை இணையதளம் ஒன்று ஓகோவென்று விமர்சனம் போட்டது. படித்துப் பார்த்தாள். அவளே எழுதி அனுப்பிய குறிப்பு, எழுத்துப்பிழை உட்பட.

ஆக, உண்மையாகக் கேட்ட ஒரே மனிதர் நல்லகண்ணு. அவரையும் இழக்க மனசில்லை. குரலைத் தணித்து, முதல் பாட்டை மறுபடி ஏற்றினாள்.

"இப்ப எல்லாரும் உத்துக் கேக்க வேண்டியிருக்கு. முன்னயே தேவல" என்று எழுதினார் நல்லகண்ணு.

வேகத்தைக் கூட்டினாள்.

"அழுதுக்கிட்டே பஸ்ஸுக்கு ஓடுத மாதிரி இருக்கு."

முத்துகுமரனுக்குப் போன் போட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன் ஷெர்லி. பாட்டு வேற லெவல்!"

"எந்தப் பாட்டு, லே?"

"எல்லாந்தான்." வைத்துவிட்டான்.

கடைசியில் குரலையே எடுத்துவிட்டு ஏற்றினாள். உடனே பதில் வந்தது.

"இப்பதான் நிம்மதி. தெனமும் போடுதேன்." கூடவே ரோஜாப்பூக்கள்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டாள். தான் பாட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் வாய் தானாக அசைந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

நல்லகண்ணுவின் புரொஃபைல் படத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு எண்ணெய் மசாஜ் கொட்டகை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் பஸ் ஏறினாள். சாரல் சீசன். குடும்பம் குடும்பமாக, கூட்டம் கூட்டமாக ஈரத்தலையோடு ஜனங்கள். தனியாக வந்தவள் அவள் ஒருத்திதான் போலிருந்தது.

கொட்டகைக்குள் அவளுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் இல்லாமல்.

"நல்லகண்ணு அண்ணாச்சி இருக்காவளா?"

எண்ணெய்க் கையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். "நான்தான். லேடீஸுக்கு இங்கன கெடையாதும்மா."

"மசாஜுக்கு வரல. நான்தான் அந்தப் பொண்ணு. இடைஞ்சல்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "அடடா! பாடுனது நீயா தாயி?"

"இனிமே பாடல. என் குரல்ல என்ன குத்தம்னு மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி."

"குத்தமா? நீ வாயத் தொறந்தாப் போதும், படுத்திருக்கவன் பூராம் பாதி எண்ணெயோட எந்திரிச்சு 'வீட்டுக்கு ஒரு போன் பேசிட்டு வாரேன்'னு கண்ணத் தொடச்சுக்கிட்டே வெளிய போயிருதான். நான் எப்படித் தாயி தொழில் பாக்க?"